தோட்டத்துக்குள் ஒரு தோட்டம்

2022ஆம் ஆண்டு, ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களே இருந்தபோது, நிவித்திகலைக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் ஆறாந்தரப் பிள்ளைகளுக்கு நாம் ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்தோம். 'எங்கள் வீட்டுத் தோட்டம்' என்பது அந்தத் தலைப்பு. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாம் கொடுத்துவந்த தலைப்புத்தான். அதற்கு முன்னர் எமது ஆசிரியர்கள் எமக்குக் கொடுத்த தலைப்பும் அதுவே.

மறுநாள் கொப்பிகள் வந்தன. பிள்ளைகள் எல்லோரும் ஒரே தோட்டத்தையே எழுதியிருந்தனர். வீட்டின் முன்னால் அழகிய பூந்தோட்டம், பின்னால் காய்கறித் தோட்டம், மாலையில் தந்தையாருடன் நீர் ஊற்றும் தம்பி, தேனருந்த வரும் வண்டுகள். லயத்துக் காம்பராவில் பிறந்து வளரும் பிள்ளைகள் பாடநூலில் உள்ள தோட்டத்தைப் பிசகின்றி இறக்கி வைத்திருந்தனர். ஒரு சிறுமி மாத்திரம் நான்கே வரிகள் எழுதியிருந்தாள். "எங்கள் வீட்டில் தோட்டம் இல்லை. தோட்டத்தில்தான் எங்கள் வீடு இருக்கிறது. வாசலில் கான் ஓடுகிறது. கானுக்கு அந்தப் பக்கம் அம்மா ஆறு கொச்சிக்காய்ச் செடி வைத்திருக்கிறார்."

பத்துக்கு நான்கு புள்ளி இட்டு, 'விரிவாக எழுதுக' என்று சிவப்பு மையால் குறித்தோம். மற்றவர்களுக்கு ஏழும் எட்டும் கிடைத்தன. அன்றிரவு முழுவதும் அந்த நான்கு வரிகள் எம்மை உறங்கவிடவில்லை. அந்தச் சிறுமி விரிவாக எழுதாத கட்டுரையை விரிவாக எழுதும் கடமை எமக்கு உண்டு என்று தோன்றிற்று. அதையே இங்கு செய்ய முயல்கின்றோம்.

தமிழ்நாட்டு வாசகருக்கோ யாழ்ப்பாணத்து வாசகருக்கோ தோட்டம் என்றால் வீட்டை ஒட்டிய கொல்லை. அல்லது கிணற்றடியில் வெங்காயமும் புகையிலையும் விளையும் நிலம். எமக்கு அப்படியல்ல. எமக்குத் தோட்டம் என்பது பெரட்டுக்களம், தேயிலை மலை, இறப்பர்க் காடு, துரை பங்களா, லயம் எல்லாம் சேர்ந்த ஒரு நிருவாகம். 'தோட்டத்தான்' என்று எம்மை அழைப்பவர் எவரும் எமக்குச் சொந்தமாக ஒரு தோட்டம் இருக்கிறது என்ற பொருளில் அழைப்பதில்லை. சிங்களத்திலும் இதே விந்தை உண்டு. 'வத்த' என்றால் தோட்டம். தேயிலைத் தோட்டமும் வத்ததான். கிராமத்தானின் வீட்டைச் சூழ்ந்த நிலமும் 'கெவத்த'தான். சொல் ஒன்று. நடுவே ஒரு வேலி. அந்த வேலிக்கு இப்புறமும் அப்புறமும் மண் ஒன்றே, மழையும் ஒன்றே. ஆனால் நிற்கும் செடிகள் வேறு. ஏன் வேறு என்பதுதான் எமது கேள்வி.

நிவித்திகல இரத்தினபுரி மாவட்டத்தில் உள்ளது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் ஈரவலயம் அது. இரத்தினபுரி என்றதும் பலருக்கும் மாணிக்கக்கல் நினைவு வரும். வயல்வெளிகளில் மாணிக்கக் குழிகளும் உண்டு. எனினும் மண்ணுக்குமேல் விளையும் செல்வம் எமது கண்ணில் பட்டது மாணிக்கத்தால் அல்ல. வேலிக்கு அப்புறம் இருந்த ஒரு சிங்கள மூதாட்டியின் கெவத்தையால். அவரை நாம் 'ஆச்சி' என்போம். எமது அம்மா அவரை 'அக்கே' என்பார். அவர் அம்மாவை 'நங்கி' என்பார்.

ஆச்சியின் கெவத்தை அரை ஏக்கருக்கும் குறைவு. ஆனால் அது மாடிவீடு போல அடுக்கடுக்காக எழுந்து நின்றது. உச்சியில் தென்னை, கமுகு, கித்துள். அதற்குக் கீழே பலாவும் ஈரப்பலாவும். பலாவின் தண்டைத் தழுவி மிளகுக்கொடி. அதற்கும் கீழே கோப்பி, கிராம்பு, எலுமிச்சை, வாழை. நிழலில் இஞ்சி, மஞ்சள், சேம்பு, இராசவள்ளி. கிணற்றடி ஈரத்தில் வல்லாரையும் ரம்பையும். வாசலில் செவ்வரத்தை, நந்தியாவட்டை, விகாரைக்குக் கொண்டுசெல்ல வெள்ளைப் பூக்கள். பார்ப்பவருக்குக் காடு போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றும் கணக்கோடு நிற்கும். மேலடுக்கு மழையின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். உதிரும் இலை மண்ணைப் போர்த்தும். வேர்கள் வெவ்வேறு ஆழத்தில் இறங்கிச் சரிவைப் பிடித்து வைத்திருக்கும். கண்டிச் சீமையிலும் சபரகமுவையிலும் தலைமுறை தலைமுறையாகத் தேறிய இந்த முறையை இன்று வேளாண் அறிஞர்கள் ஆராய்ந்து போற்றுகின்றனர். ஆச்சிக்கு அது ஆராய்ச்சி அல்ல. மாமியார் விட்டுச்சென்ற நிலம்.

வேலிக்கு இப்புறம் எமது நிலம். 'எமது' என்பது பேச்சுவழக்கு. சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, அதை அடுத்துக் கான். கானுக்கும் தேயிலையின் முதல் வரிசைக்கும் இடையே நாலு பாய் விரிக்கும் அளவு ஒரு சரிவு. அதுவே எமது அம்மாயி, அம்மா, நாம் என மூன்று தலைமுறை பயிரிட்ட இடம்.

அந்தத் துண்டில் விளைந்தவற்றைச் சொன்னால் வாசகர் நம்புவது கடினம். தண்டுக்கீரை, பொன்னாங்காணி, கொச்சிக்காய், பயற்றை, வெண்டை, கத்தரி, பாகல். கான் தண்ணீர் தேங்கும் மூலையில் சேம்பும் கங்குனும். பீலிக்குப் போகும் வழியில் மரவள்ளி. இஸ்தோப்புத் தூணில் பீர்க்கு ஏறிக் கூரைத் தகரத்தில் காய்க்கும். தக்காளி எமது மழைக்கு நிற்காது, பூவிலேயே அழுகிவிடும். இந்தியாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ஆசையோடு கொண்டுவந்த முருங்கைத் தடி மூன்று முறை நட்டும் மூன்று முறையும் ஈரத்தில் அழுகிற்று. வறண்ட நாட்டு மரம் எமது மண்ணை ஏற்கவில்லை.

தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும். கீரையும் பயறும் அதை விரும்பா. மேலும், அடைமழை மண்ணின் சத்தைக் கரைத்துப் பள்ளத்துக்குக் கொண்டுபோய்விடும். இதற்கு அம்மாயி கண்ட மருந்து அடுப்புச் சாம்பல். கவ்வாத்து மிலாறை விறகாக எரித்த சாம்பலை நாள்தோறும் சேர்த்துவைத்து, வாரம் ஒருமுறை பாத்தியில் தூவுவார். புளிப்பு மண்ணைச் சாம்பல் தணிக்கிறது என்பதை நாம் பின்னர் விஞ்ஞானப் பாடத்தில் படித்தோம். அம்மாயி பாடசாலைக்குப் போனதில்லை. அப்பா தோட்டத்தில் கான் வெட்டுபவர். மலையில் மேட்டுவரையை ஒட்டிக் கான் வெட்டி மண்ணரிப்பைத் தடுக்கும் அதே வேலையை, மாலையில் எமது நாலு பாய் நிலத்திலும் சிறு கற்களை அடுக்கிச் செய்தார். விதைகளைக் காப்பது இன்னொரு வித்தை. முற்றிய பீர்க்கும் சுரையும் அடுப்புக்கு மேலே புகையில் தொங்கும். பயற்றை விதை சாம்பலில் புரட்டி மூங்கிற் குழாயில் அடைபட்டிருக்கும். புகையும் சாம்பலும் வண்டை அண்டவிடா.

இவ்வளவையும் செய்த கைகள் எவருடையவை? காலை பெரட்டுக்குப் போய், கூடை சுமந்து, மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்களின் கைகள். பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, உலை கொதிக்கும் இடைவேளையில் அம்மா பாத்திக்குப் போவார். அட்டை கடித்த இரத்தம் காலில் வழியும். துடைக்கவும் நேரம் இராது. வீட்டுத் தோட்டம் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று எழுதுவோர் ஓய்வுள்ள வீட்டைக் கண்டவர்கள்.

வாசகர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். எமது பட்டியலில் மரம் ஒன்றுகூட இல்லை. கீரை மூன்று வாரத்தில் கைக்கு வரும், வெண்டை இரண்டு மாதத்தில், மரவள்ளி ஓராண்டுக்குள். ஓராண்டைத் தாண்டும் பயிர் எமது நிலத்தில் இல்லை. ஆச்சியின் கெவத்தையில் பேரன் உண்ணப் பாட்டி நட்ட மரங்கள் நின்றன. எமது பாத்தியில் இந்த மாதச் சம்பளத்துக்கும் அடுத்த மாதச் சம்பளத்துக்கும் இடையே உண்ணும் செடிகள் நின்றன.

நமக்கு ஒன்பது வயது இருக்கும்போது அப்பா இந்த வழக்கத்தை மீறினார். ஆச்சி கொடுத்த பலாப்பழத்தின் கொட்டை ஒன்றை லயத்தின் பின்புறத் திட்டில் ஊன்றினார். அதே பழத்தின் கொட்டை ஒன்றை ஆச்சியும் தமது வேலியோரத்தில் ஊன்றினார். இரண்டும் முளைத்தன. இரண்டாண்டில் எமது கன்று அப்பாவின் இடுப்பளவு உயர்ந்தது. ஒருநாள் மலை பார்க்க வந்த மேலதிகாரி ஒருவரின் கண்ணில் அது பட்டது. 'கீரை கிள்ளிக்கொள்ளுங்கள், அதற்குத் தடையில்லை. ஆனால் நிரந்தரப் பயிர் கூடாது' என்று கட்டளை பிறந்தது. பிடுங்க வேண்டியவர் நட்டவரே. அப்பா மண்வெட்டியால் சுற்றித் தோண்டி, வேறு இடத்தில் வைக்கலாம் என்று எடுக்கப் பார்த்தார். பலாவுக்கு ஆணிவேர், நடுவில் முறிந்துவிட்டது. அந்தக் கன்றைக் கையில் பிடித்தபடி அவர் திட்டில் உட்கார்ந்திருந்த காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. அம்மாயி மாத்திரமே பேசினார். "கீரை மூணு வாரத்தில கைக்கு வந்திரும். பலா காய்க்கிற வரைக்கும் நம்மள இங்க வச்சிருப்பாங்கன்னு நீ ஏன்டா நெனச்ச?"

இந்த நாட்டில் 1951ஆம் ஆண்டுச் சட்டமொன்று உண்டு. அனுமதியின்றிப் பலாமரத்தை வெட்டலாகாது என்பது அதன் விதி. 'சோற்று மரம்' என்று சிங்கள மக்கள் போற்றும் மரம் அது. நாடெங்கும் பலாக்கொட்டை விதைக்கச் செய்த ஆர்தர் வி. டயசை மக்கள் 'கொஸ் மாமா', அதாவது 'பலா மாமா', என்று அன்போடு அழைத்தனர். பஞ்சத்தில் இலட்சோப இலட்சம் மக்களைக் காத்த மரத்தைக் காக்கும் சட்டம் நல்ல சட்டமே. ஆனால் அது மரத்துக்குத்தான் பொருந்தும். இடுப்பளவுக் கன்றுக்குப் பொருந்தாது. கன்றை நடும் மனிதனுக்கு எந்தச் சட்டமும் பொருந்தவில்லை.

அம்மாயியின் வார்த்தை வெறும் அவநம்பிக்கை அல்ல. அவர் கண்ட வரலாறு. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிலமற்ற கிராமத்தவருக்கு அரச காணி கிடைக்க வழிசெய்தது. தோட்டத் தொழிலாளர் அந்த வழிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் எம்மை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்ரோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் கையொப்பமிட்ட ஒப்பந்தப்படி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டனர். எமது லயத்தில் ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு விண்ணப்பம் இருந்தது. எந்தக் கடிதம் எப்போது வரும், யார் தலைமன்னாரில் கப்பலேறுவார், யார் எஞ்சுவார் என்று எவருக்கும் தெரியாது. எமது சித்தப்பா குடும்பம் கப்பலேறியபோது சேம்பு விதைக்கிழங்கும் கொச்சி விதையும் முடிச்சில் போயின. மரத்தை முடிச்சில் கொண்டுபோக முடியுமா? நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென அமைத்த தேயிலைத் தோட்டத்திலிருந்து சித்தப்பா எழுதிய முதல் கடிதத்தில், 'இங்கும் வரிசை வீடுதான். கொச்சி முளைத்துவிட்டது' என்று இருந்தது.

பின்னர் பஞ்சம் வந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு அரிசியும் மாவும் சுருங்கின, விலை ஏறிற்று, வேலை நாட்கள் குறைந்தன. தோட்டப் பகுதிகளில் இறப்பு விகிதம் திடீரென ஏறியதை அரசின் புள்ளிவிவரங்களே பதிவுசெய்துள்ளன. கிராமத்தவருக்குப் பலா இருந்தது. எமக்கு மரவள்ளி இருந்தது. அதுவும் காட்டுப்பன்றி விட்டுவைத்தது மாத்திரமே. மரவள்ளியில் ஒருவகை நஞ்சு உண்டு. கசப்பு இனத்தில் அதிகம். மூடியைத் திறந்து கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்பது அம்மாயியின் விதி. பசியின் அவசரத்தில் அதைச் செய்யாத வீடுகளில் பிள்ளைகள் மயங்கி விழுந்ததை நாம் கண்டோம். மரவள்ளி இலை, சேம்பிலை, வாழைத்தண்டு என்று எல்லாம் சட்டிக்குப் போயின. வேலியின் மேலாக ஆச்சி நீட்டிய பலாக்காய்ப் பாதி எத்தனை நாள் எமது உலையில் கொதித்தது என்பதற்குக் கணக்கில்லை. அவர் வீட்டிலும் அப்போது அரிசி இல்லை.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆச்சியின் கெவத்தையைப் பற்றி எழுதும்போது எமக்குப் பொறாமை இல்லை. அவருடைய கொல்லைக்கு மேலே இருந்த மலை ஒருகாலத்தில் அந்தக் கிராமத்தின் சேனைநிலமும் மேய்ச்சற் காடும். உரிமைப் பத்திரம் காட்ட இயலாத நிலமெல்லாம் முடிக்குரியது என்று 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்லிற்று. காடு முடிக்குப் போய், முடியிடமிருந்து தோட்டக்காரருக்கு விலைப்பட்டது. கிராமத்தானிடம் எஞ்சியது வயலும் வீட்டடியும். அவனிடமிருந்து பறித்த மலையில் வேலை செய்யக் கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர் எமது முன்னோர். ஒருவனின் நிலமும் மற்றவனின் உழைப்பும் ஒரே கணக்கேட்டில் வரவாயின. இந்த உண்மையை மறைத்து, 'உன் நிலத்தைப் பிடித்தவன் லயத்தில் இருக்கிறான்' என்று கிராமத்தானுக்குச் சொல்லிக்கொடுத்தோர் பலர்.

அதன் விளைவை 1981 ஓகஸ்டில் கண்டோம். இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வன்செயல் பரவியபோது எமது லயமும் எரிந்தது. ஆச்சியின் கெவத்தைக்குள், அந்த இருண்ட மர அடுக்குகளின் நிழலில், மூன்று குடும்பங்கள் இரண்டு இரவுகளைக் கழித்தோம். தேடி வந்தவர்களிடம் வாசலில் நின்று அந்தக் கிழவி சொன்ன பொய்யால் நாம் இன்று இதை எழுதுகின்றோம். சில வாரங்களின் பின் திரும்பியபோது பாத்தி மிதிபட்டுக் கிடந்தது. கான் மூலையில் சேம்பு மாத்திரம் தளிர்த்திருந்தது. அம்மாயி திரும்பவில்லை, 1983க்கு முன்னரே வவுனியாப் பக்கம் போன உறவினரோடு போய்விட்டார். அங்கும் முதல் வேலையாகக் கீரை விதைத்தாராம்.

நிலச் சீர்திருத்தம் 1972இலும் 1975இலும் வந்தது. வெள்ளைக் கம்பனிகளின் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறின, கானுக்கு அப்புறத்து நாலு பாய் நிலம் மாத்திரம் எந்தச் சட்டத்திலும் இடம்பெறவில்லை. தோட்ட நிலத்தைப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். நிலம் எமக்கு உயிர்ப் பிரச்சினை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மீண்டும் 2022க்கு வருவோம். அந்த ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் கொழும்பின் உணவு விலையேற்றம் செப்டெம்பரில் 90 சதவீதத்தைத் தாண்டிற்று. ஜூன் மாதத்தில் அரசாங்கம் ஒரு முடிவெடுத்தது: அரச ஊழியர்கள் தமது வீட்டுத் தோட்டத்தில் உணவு பயிரிடுவதற்காக மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வீட்டுத் தோட்டம் நாட்டின் கடமையாயிற்று. நாம் கட்டுரைத் தலைப்புக் கொடுத்ததும் அந்த ஆரவாரத்தில்தான். தோட்டத் தொழிலாளிக்கு வெள்ளிக்கிழமையும் பெரட்டு உண்டு; வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் இல்லை. விடுமுறை கிடைத்தாலும் எங்கே நடுவது? பயிரிடத் தெரியாதவருக்கு விடுமுறையும் நிலமும் இருந்தன. நூற்றைம்பது ஆண்டுகளாகப் பயிரிடுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு இரண்டும் இல்லை. இதை நாம் வகுப்பில் உணரவில்லை. அந்தச் சிறுமி உணர்ந்திருந்தாள்.

ஆயினும் 'ஆளுக்கொரு பாத்தி கொடுங்கள், பிரச்சினை தீர்ந்தது' என்று முடிக்க எம்மால் இயலாது. எமது காதால் கேட்ட ஒரு பேச்சு உண்டு. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக உயர்வதற்கு முன்னர் நடந்த நெடிய போராட்டக் காலத்தில், நிருவாகப் பக்கத்தார் ஒருவர் எம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்கள் ஆட்களுக்கு என்ன குறை? வாசலில் கீரை, கூரையில் பீர்க்கு." எமது அம்மாவின் மாலைநேர உழைப்பு, சம்பளத்தைக் குறைத்து வைப்பதற்கு நியாயமாகிவிட்டது!

இது புதிய தந்திரம் அன்று. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்குக் கரும்பு விளையாத மலைச்சரிவு ஒதுக்கப்பட்டது. ஓய்வு நாளில் அவர்களே வள்ளிக்கிழங்கு பயிரிட்டு உண்டால் முதலாளிக்கு உணவுச் செலவு மிச்சம். அந்த அடிமைகளுக்கு மலிவான உணவாகவே, 1793இல் கப்பற்தலைவன் பிளை தகித்தியிலிருந்து ஈரப்பலாக் கன்றுகளைக் கப்பலில் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஆச்சியின் கொல்லையில் அருளாக நிற்கும் அதே மரம் அங்கே கணக்கப்பிள்ளையின் ஏட்டில் செலவுக் குறைப்பாக இறங்கிற்று. 1872இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றிக் கட்டுரைகள் எழுதிய எங்கெல்ஸ், 1887இல் அதன் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் இதையே செர்மானியக் குடிசைத் தொழிலாளரின் வாழ்விலிருந்து எடுத்துக்காட்டினார். சொந்தக் குடிசையும் சிறு தோட்டமும் உள்ள தொழிலாளி, அந்தத் தோட்டத்தில் விளைவதைத் தன் கூலியிலிருந்தே முதலாளிக்கு விட்டுக்கொடுக்க நேர்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

அப்படியானால் தோட்டம் வேண்டாமா? வேண்டும். தீங்கு கீரைப் பாத்தியில் இல்லை. அந்தப் பாத்தி பிறர் தயவில் இருப்பதில் இருக்கிறது. ஜமைக்காவின் அடிமைகள் அந்த மலைச்சரிவில் விளைந்ததை ஞாயிற்றுச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றனர். தங்கள் கையால் வந்த காசை முதன்முதலாக அங்கேதான் கண்டனர். தயவாகக் கிடைத்த துண்டு நிலம்கூட மனிதனை நிமிரச் செய்கிறது என்றால், உரிமையாகக் கிடைக்கும் நிலம் என்ன செய்யாது? சம்பளத்துக்குப் பதிலாக நிலம் என்பது மோசடி. சம்பளமும் வேண்டும், நிலமும் வேண்டும் என்பதே நியாயம்.

இதுவரை வயிற்றைப் பற்றியே பேசினோம். பூவைப் பற்றியும் ஒரு சொல். எமது தாத்தா பங்களாத் தோட்டக்காரர். துரையின் புற்றரையை வெட்டி, ரோசாவைக் கவ்வாத்துச் செய்து, குரோட்டன் வேலியைச் சீராக்கி முப்பதாண்டு உழைத்தவர். அங்கே ஒரு பூவைத் தொட்டு எடுக்க அவருக்கு உரிமை இல்லை. ஒரு கவ்வாத்து நாளில், எரிக்கப் போட்ட குப்பையிலிருந்து ஒரு கொம்பை மடியில் மறைத்துக் கொண்டுவந்தார். பால்மா டின்னில் மண் நிரப்பி ஊன்றினார். அது வேர் பிடித்து, இஸ்தோப்பில் சிவப்பாகப் பூத்தது. லயமே வந்து பார்த்தது. அந்த டின்னின் பக்கத்தில் பின்னர் செவ்வந்தி வந்தது, கனகாம்பரம் வந்தது. மாரியம்மன் திருவிழாவுக்குப் பூ வாங்கப் பட்டணம் போகாத லயம் என்று எமது லயம் பெயர் பெற்றது. டின்னில் பூ வைத்தவர்களைப் பார்த்து, 'சோற்றுக்கு வழியில்லை, பூ எதற்கு?' என்று கேட்போர் உண்டு. பத்தடிக் காம்பராவில் எட்டுப் பேர் வாழும் மனிதர் ஒரு செவ்வந்தியை வளர்ப்பது, தாம் உழைக்கும் கருவி மாத்திரம் அல்லர் என்று தமக்கே சொல்லிக்கொள்வதாகும். உணவுக்குக் கோரும் அதே உரிமையோடு அழகையும் கோருகின்றோம்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு எஞ்சியிருந்த நாடற்றோரும் பிரசைகளாயினர். அண்மைக் காலத் தனிவீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்று கணக்கிட்டனர். எமது தம்பி குடும்பத்துக்கு அப்படி ஒரு வீடு கிடைத்தது. ஏக்கருக்கு 160 பேர்ச்; ஏழு பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீட்டுக்குப் போனால் 1,350 சதுர அடி மிஞ்சும். ஒரு பலா, ஒரு எலுமிச்சை, நான்கு வாழை, மிளகுக்கொடி, நிழலில் இஞ்சி, மஞ்சள், வெயிலில் ஒரு கீரைப் பாத்தி, வாசலில் செவ்வந்தி. ஆச்சியின் மாடிவீட்டைக் குறுக்கி அமைக்கலாம். சரிவில் வேர் பிடிக்கும் மரம் உயிர்க்காப்பும் ஆகும். இரத்தினபுரி மாவட்டம் 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் கண்ட மண்சரிவுகளை அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் வீடு கையளித்து ஆண்டுகள் சென்றும் உறுதிப்பத்திரம் தம்பியின் கைக்கு வரவில்லை. 'இன்று நாளை' என்ற பதிலே வருகிறது.

ஆச்சி காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. அன்று அவர் வேலியோரத்தில் ஊன்றிய பலா இன்று இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பருமன். அதன் பழத்தை அவர் பேரன் ஆண்டுதோறும் எமக்கு அனுப்புகிறார். சென்ற பருவத்தில் அதன் கொட்டை ஒன்றைத் தம்பியின் வீட்டுப் பின்புறத்தில் ஊன்றினோம். 'பத்திரம் வரட்டுமே' என்றான் தம்பி. பத்திரம் வரும்வரை பலா காத்திருக்காது. பலா காய்க்கும்வரை பத்திரமும் வராமல் இருக்க நாம் விடக்கூடாது. தொழிற்சங்கத்திலும், பெற்றோர் கூட்டத்திலும், பிரதேச செயலகத்தின் வாசலிலும் இந்தக் கேள்வியை எழுப்புவது ஆசிரியர்களாகிய, மாணவர்களாகிய நம் எல்லோரின் வேலை.

அந்தச் சிறுமிக்கு இட்ட நான்கு புள்ளியை நாம் பின்னர் மாற்றவில்லை. கொப்பிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், ஆண்டும் முடிந்துவிட்டது. இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கின்றோம். அந்தத் தலைப்பைத் தொடர்ந்து கொடுங்கள். ஆனால் பாடநூல் தோட்டத்தை எழுதிய பிள்ளைக்குப் புள்ளி போடுமுன், அவன் வாசலுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.